வீட்டிலே ஓர் ஒலி ஒளிக் களஞ்சியம்

எமது தந்தையாரின் குரலிலே இவ்வுலகில் இன்று எஞ்சியிருப்பது நாற்பத்தேழு நிமிடம் மாத்திரமே. கண்பார்வை மங்கிய பிற்காலத்தில், இலண்டனில் வாழ்ந்த எமது தமையனாருக்கு அவர் கடிதம் எழுதுவதை விடுத்துக் கசெற்றிலே பேசி அனுப்புவதை வழக்கமாகக் கொண்டிருந்தார். ஏழு கசெற்றுகள் சென்றன என்பது எமது கணக்கு. அவற்றுள் ஐந்தின்மேல் எமது தமையனாரே பிற்காலத்தில் சினிமாப் பாடல்களைப் பதிந்துவிட்டார். அவரை நோவதற்கில்லை, அக்காலத்தில் தந்தை உயிரோடிருந்தார், வெற்று நாடாவோ விலை கூடியதாயிருந்தது. மிஞ்சிய இரண்டும் ஒரு சப்பாத்துப் பெட்டியிலே முப்பது ஆண்டுகள் உறங்கின.

அவற்றுள் ஒன்று 1991ஆம் ஆண்டிற் பதியப்பட்டது. யாழ்ப்பாணத்திலே மின்சாரம் அற்றிருந்த காலம் அது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவின் வலுவிலே ரேப் றெக்கோடரை இயக்கினோம். சுற்றியவர் யாமே. எமது கை களைத்த இடங்களிலெல்லாம் நாடா மெதுவாக ஓடிற்று. ஆதலின் இன்று அதனைச் சரியான வேகத்திற் போடும்பொழுது அவ்விடங்களில் தந்தையாரின் குரல் சிறு பிள்ளையின் குரல்போல மேலெழுந்து, பின் தணிகின்றது. முதன்முறை கேட்டபொழுது சிரித்தோம். இரண்டாம் முறை சிரிக்க இயலவில்லை.

இக்குரலைக் காப்பதற்கு யாம் முதலிற் செய்த முயற்சிகள் வெட்கத்துக்குரியன. ஒரு பிரதியைச் சிறு யூ.எஸ்.பி. குச்சியில் இட்டோம்; ஓராண்டு கழித்து அக்குச்சி எந்தக் கணினியிலும் திறக்க மறுத்தது. மற்றொரு பிரதியை இணையத்திலே மாதக் கட்டணம் பெறும் ஒரு சேமிப்பகத்தில் வைத்தோம். எமது வங்கி அட்டை காலாவதியாக, எச்சரிக்கைக் கடிதங்கள் யாம் கைவிட்ட பழைய மின்னஞ்சல் முகவரிக்குச் செல்ல, கணக்கு மூடப்பட்டது. நிறுவனத்தின் பெயர் ஈண்டு வேண்டா. தவறிற் பாதி எம்முடையது. இறுதியில் ரொறன்ரோவிலுள்ள மருமகனது கணினியில் இருந்த ஒரேயொரு பிரதியினால் அக்குரல் தப்பிற்று. அன்றுதான் வீட்டிலேயே ஒரு ஊடக வழங்கியை அமைப்பதென முடிவு செய்தோம். அது யாதென்பதையும், எவர்க்கு வேண்டும், எவர்க்கு வேண்டாம் என்பதையும் பழைய மாணவ நண்பர்களுக்கும், எம்மினும் இவற்றில் வல்லவர்களாகிய இன்றைய மாணவர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வழங்கி என்றதும் குளிரூட்டப்பட்ட அறையும் வரிசை வரிசையான பேழைகளும் மனக்கண்முன் தோன்றுதல் இயல்பு. உண்மையில் அது எப்பொழுதும் விழித்திருக்கும் ஒரு சாதாரண கணினியேயாகும். அதனுள் ஒரு வன்தட்டு. அத்தட்டிலே குடும்பத்தின் படங்கள், பாடல்கள், ஒலிப்பதிவுகள், திரைப்படங்கள். அவற்றையெல்லாம் தேடி நிரற்படுத்திப் பெயரும் படமும் சேர்த்து ஒரு நூலகப் பட்டியல்போற் காட்டும் மென்பொருள் ஒன்று அதிலே இயங்கும். வீட்டிலுள்ள தொலைக்காட்சியோ கைத்தொலைபேசியோ கேட்டவுடன், வேண்டிய கோவையை வீட்டு வலையமைப்பின் வழியாக அம்மென்பொருள் அனுப்பிவைக்கும். கோவை ஒன்று, அதனைப் பார்க்கும் திரைகள் பல. முன் விறாந்தையிற் பாதி பார்த்த படத்தைப் படுக்கையறையில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இவ்வகை மென்பொருள்களுட் பெயர் பெற்றவை பிளெக்ஸ், ஜெலிபின் என்பன. பிளெக்ஸ் அழகியது, எளியது; ஆயினும் ஒரு கொம்பனியின் உடைமை. வீட்டுக்கு வெளியேயிருந்து நமது சொந்தக் கோவைகளைப் பார்ப்பதற்கும் 2025ஆம் ஆண்டு ஏப்பிரில் தொடக்கம் அது கட்டணம் கேட்கின்றது. ஜெலிபின் பிறந்த கதை வேறு. எம்பி என்னும் மென்பொருளின் மூலநிரலை அதன் உடைமையாளர் பொதுமக்களுக்கு மூடியபொழுது, முன்னர் திறந்திருந்த நிரலைக்கொண்டு 2018ஆம் ஆண்டு டிசம்பரில் தன்னார்வலர் சிலர் தனியே தொடங்கியதே ஜெலிபின். அதற்கு விலை இல்லை. எவரிடமும் கணக்குத் திறக்க வேண்டியதில்லை. இணையம் அறுந்த நாளிலும் அது வேலை செய்யும். யாம் அதனையே தேர்ந்தோம். பிளெக்ஸ் வைத்திருப்போருடன் எமக்கு வழக்கு இல்லை.

இனி, இணையத்திலே எல்லாம் கிடைக்கும் இக்காலத்தில் இத்தொல்லை எதற்கு என வினவுவோர் உளர். வளவிலே கிணறு வைத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு அதன் விடை விளங்காததன்று. வெளியிலிருந்து வரும் நீரை வேண்டாமென்று எவரும் சொல்வதில்லை. ஆனால் அது வருவதும் நிற்பதும் நம் கையில் இல்லை. 2009ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், அமேசன் நிறுவனம் தன் கிண்டில் கருவியில் விற்ற இரு நூல்களை, உரிமையற்ற ஒருவர் அவற்றை விற்பனைக்கு இட்டிருந்தார் என்னுங் காரணத்தால், வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அழித்தது. அந்நூல்கள் ஜோர்ஜ் ஓர்வெல்லின் விலங்குப் பண்ணைக் கதையும், யாவரையும் கண்காணிக்கும் அரசொன்றைப் பற்றிய அவரது ‘1984’ நாவலும் ஆகும்! பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. பின்னர் மன்னிப்பும் கேட்கப்பட்டது. 2019ஆம் ஆண்டில் மைக்குறோசொப்ற் நிறுவனம் தன் மின்னூற் கடையை மூடியபொழுது, வாங்கப்பட்ட நூல்கள் யாவும் வாசகரிடமிருந்து மறைந்தன. அங்கும் பணம் திரும்பிற்று. அதே ஆண்டில், தமது தளத்தில் 2015ஆம் ஆண்டு வரை ஏற்றப்பட்ட பாடல்களும் படங்களும், வழங்கிகளை இடம்மாற்றும் வேலையில் அழிந்துபோயின என மைஸ்பேஸ் நிறுவனம் தெரிவித்தது. அப்பாடல்களுட் பல, பெயர் அறியாத இளைஞர் தம் வீடுகளில் இருந்து பாடிப் பதிந்தவை. அவற்றுக்கு எந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பது?

இவற்றைக் கூறுவது அந்நிறுவனங்களைத் தூற்றுவதற்கன்று. இக்காலத்தில் ‘வாங்கு’ என்னும் பொத்தானை அழுத்தி நாம் பெறுவது பெரும்பாலும் பொருளன்று, பார்ப்பதற்கான அனுமதியே என்பதை உணர்த்துதற்கே. கடையிலே வாங்கிய இறுவட்டு நம் அலுமாரியில் இருக்கும்வரை நம்முடையது. ஆயினும் அதனை இயக்கும் கருவி என்றும் இருக்குமெனக் கொள்ளலாகாது. வி.எச்.எஸ். வீடியோக் கருவியைக் கடைசிவரை உற்பத்தி செய்துகொண்டிருந்த யப்பானின் புனாய் நிறுவனம் 2016ஆம் ஆண்டு ஜூலையில் அவ்வேலையை நிறுத்திக்கொண்டது. இன்று திருமண வீடியோ நாடாக்கள் வீட்டுக்கு வீடு உள. அவற்றை இயக்கும் கருவிகளோ ஊருக்கு ஒன்றிரண்டாக அருகிவிட்டன. உள்ள கருவியும் பழுதாயின் அதன் உறுப்புக்கு எங்கே போவது?

செலவைப் பற்றியும் ஒரு சொல். இணையத்தின் வழி தெளிவான படமொன்றைப் பார்க்க ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 3 ஜிகாபைற்று செலவாகும். பேரப்பிள்ளை ஒரே சித்திரப் படத்தை இருபது முறை பார்ப்பான். பார்க்கும் ஒவ்வொரு முறையும் அளவு கட்டிய இணையப் பொதி கரையும். வீட்டு வழங்கியிலிருந்து பார்த்தாலோ தரவு வீட்டுச் சுவருக்குள்ளேயே ஓடுகின்றது. இணையக் கணக்கிற் சதமும் ஏறாது. இடையிடையே விளம்பரமும் இல்லை.

கருவிக்கென்று பெரும் பொருள் செலவிட வேண்டியதில்லை. யாம் பயன்படுத்துவது பேர்த்தி கைவிட்ட பழைய மடிக்கணினி. அதன் மின்கலமே மின்வெட்டு வேளையில் அதனைச் சிறிது நேரம் தாங்கும். 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்தவர் உண்டோ? அத்தகைய வெட்டுக்கு எந்த மின்கலமும் ஈடுகொடாது. எனினும் திடீரென நின்று தட்டிலுள்ள கோவைகள் பழுதாகாமல், முறையாக அணைத்து வைக்க அவகாசம் கிடைக்கும். 15 வாற்று மின்னை அது இழுக்குமாயின், இரவு பகலாக ஒரு மாதம் இயங்கினும் ஏறக்குறைய 11 அலகுதான். ஒரு எச்சரிக்கை: ஓயாது மின்னேறிக்கொண்டிருக்கும் பழைய மின்கலம் நமது வெப்பத்தில் வீங்குவதுண்டு. மூடி உப்பக் கண்டால் உடனே கழற்றிவிடல் வேண்டும். ஐப்பசி இடிமுழக்கத்தின்போது மின் செருகியையும், வெளியிலிருந்து வரும் தொலைபேசிக் கம்பியையும் பிடுங்கி வைப்பது நலம்.

இனி, உண்மையான உழைப்பு எங்கே இருக்கின்றதெனில், கணினியில் அன்று, பழைய நாடாக்களில்.

நாற்பது நிமிட நாடாவைக் கணினிக்கு மாற்ற நாற்பது நிமிடம் வேண்டும்; குறுக்கு வழி இல்லை. கசெற்றைக் கையிலெடுத்தவுடன் அதன் பின் விளிம்பிலுள்ள இரு சிறு பிளாஸ்ரிக் பற்களையும் ஒடித்துவிடுக. அவை ஒடிந்தால் அக்கசெற்றின்மேல் மறுபடி பதிய முடியாது. எமது தமையனார் 1980களில் இதனைச் செய்திருப்பின் மற்றை ஐந்தும் இன்று இருந்திருக்கும். பின்னர் நாடாவை ஒருமுறை முழுவதும் முன்னோக்கியும் பின்னோக்கியும் ஓட்டித் தளர்த்துதல் வேண்டும். கருவியின் தலையை அற்ககோல் தோய்த்த பஞ்சினால் துடைத்தல் வேண்டும். வீடியோ நாடாவிலே வெள்ளைப் பூஞ்சணம் கண்டால் கருவிக்குள் இடவே கூடாது. அது கருவியின் தலைக்குத் தாவி, அடுத்து இடும் நாடாவையும் கெடுக்கும்.

எமது கசெற்றுகளுள் ஒன்று முதலிற் போட்டபொழுது, குரல் கிணற்றின் அடியிலிருந்து வருவதுபோல மந்தமாகக் கேட்டது. நாடா அழிந்துவிட்டதென்றே எண்ணி மனமிடிந்தோம். பழைய வானொலிகள் திருத்தும் ஒரு முதியவர் அதனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ‘நாடாவுக்கு ஒன்றுமில்லை, மாஸ்ரர், மெத்தை விழுந்துபோச்சு’ என்றார். கசெற்றின் வாயருகே, நாடாவைத் தலையோடு அழுத்தும் சிறு கம்பளித் துண்டொன்று உண்டு. ஒட்டுப்பசை காய்ந்து அது விழுந்திருந்தது. நான்கு திருகாணிகளைக் கழற்றி, நாடாச் சுருள்களை வேறொரு கசெற்றின் கூட்டுக்கு மாற்றி இட்டார். தந்தையார் கிணற்றிலிருந்து மேலே வந்து பக்கத்துக் கதிரையில் அமர்ந்தார். இத்துணைச் சிறிய காரணத்துக்காக எத்தனை வீடுகளில் எத்தனை குரல்கள் குப்பையோடு போயினவோ!

ஒலியை இறுவட்டின் தரத்திற் பதிந்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 மெகாபைற்று ஆகும். பிளாக் என்னும் முறையிற் சுருக்கின், எதனையும் இழக்காமல் அது பாதியளவாகக் குறையும். எம்.பி.3 இன்னும் சிறிது. ஆனால் சுருக்கும்பொழுது சிலவற்றை மீளா வண்ணம் விட்டுவிடும். மூலப் பிரதியைப் பிளாக்கிலே வைத்துக்கொண்டு, பிறர்க்கு அனுப்ப எம்.பி.3 செய்வது எமது முறை. வீடியோவை எச்.264 என்னும் முறையில் வைத்தல் நன்று. அதனை அறியாத கருவி இக்காலத்தில் அரிது. கேட்கும் கருவிக்கு விளங்காத முறையிற் கோவை இருப்பின், வழங்கி உடனுக்குடன் மொழிபெயர்த்து அனுப்ப முயலும். அம்மொழிபெயர்ப்பிற் பழைய மடிக்கணினி மூச்சுத் திணறும். படம் விக்கி விக்கி ஓடும். பலர் ‘வழங்கி சரியில்லை’ என்று கைவிடுவது இதனாலேதான்.

பெயரிடுதல் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். வெளிவந்த திரைப்படமாயின் மென்பொருள் தானே இணையத்தில் தேடி, நடிகர் பெயரும் ஆண்டும் சேர்த்துவிடும். உங்கள் அம்மம்மாவின் அறுபதாம் ஆண்டு விழா எந்தத் தளத்திலும் இல்லை. அதனை நீங்களே எழுத வேண்டும்: ஆண்டு, திங்கள், இடம், பேசுபவர், பதிந்தவர். ஆண்டை முன்னால் எழுதினால் கோவைகள் தாமே காலவரிசையில் நிற்கும். இன்று ‘அப்பா கசெற் 2’ என்பது போதுமாகத் தோன்றும். எந்த அப்பா என்று பேரப்பிள்ளை கேட்பான். இன்னுமொன்று: பதினைந்து, இருபது ஆண்டுகளுக்குமுன் பலர் பாமினி எழுத்துருவில் தமிழ் தட்டெழுதினர். அவ்வாறு எழுதிய விவரங்களை இன்று அவ்வெழுத்துரு இன்றித் திறந்தால் ஆங்கில எழுத்துக்களின் குப்பைக் குவியலாகவே தோன்றும். ஒருங்குறியிலே எழுதுக, பழையவற்றை மாற்றிக்கொள்க.

வழங்கி இருக்கின்றது, ஆதலின் எல்லாம் பத்திரம் என்று எண்ணுவது பெரும் பிழை. ஒரு தட்டிலுள்ள ஒரு பிரதி, அஃது எத்துணை அழகாக அடுக்கப்பட்டிருப்பினும், ஒரு பிரதியே. இதனை யாழ்ப்பாணத்தாருக்கு எடுத்துச் சொல்லவும் வேண்டுமோ? 1981ஆம் ஆண்டு மே முடிவும் ஜூன் தொடக்கமுமான அந்நாட்களில் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் இருந்தன. வேறிடத்திற் பிரதி இருந்தவை மீண்டும் வாங்கப்பட்டன. பிரதி இல்லாத ஏடுகள் போனவை போனவையே. 2005ஆம் ஆண்டில் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தை இன்று உலகெங்கும் உள்ளோர் பயன்படுத்துகின்றனர். ஒரு நூல் பல இடங்களில் வாழ்வதற்கு அது வழி செய்திருக்கின்றது. அறிந்தோர் கூறும் விதி இது: பிரதி மூன்று, அவை இருவகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறு ஊரில். எமது வழங்கியில் ஒன்று, ஆறு மாதத்துக்கொருமுறை பிரதியெடுத்து அலுமாரியில் வைக்கும் வெளித் தட்டில் ஒன்று, ரொறன்ரோவில் ஒன்று. அலுமாரித் தட்டை ஆண்டுக்கொருமுறையேனும் கணினியிற் செருகித் திறந்து பார்ப்பதுண்டு. திறந்து பார்க்காத பிரதியைப் பிரதியென யாம் எண்ணுவதில்லை.

வெளிநாட்டு உறவினர் இங்குள்ள வழங்கியைப் பார்க்க விரும்புவர். அதற்காக வீட்டுக் கதவை உலகுக்கெல்லாம் திறந்துவிடலாகாது. லாஸ்ட்பாஸ் என்னும் கடவுச்சொற் காப்பு நிறுவனத்திலே 2022ஆம் ஆண்டு நிகழ்ந்த பெருந் திருட்டிற் கள்வர் உட்புகுந்த வழி, அதன் பொறியியலாளர் ஒருவரது வீட்டுக் கணினியிலிருந்த, ஈராண்டுக்கு மேலாகப் புதுப்பிக்கப்படாத பிளெக்ஸ் மென்பொருளாகும். புதுப்பிக்கக் கிடைத்த திருத்தம் 2020ஆம் ஆண்டிலேயே வெளிவந்திருந்தது. ஆதலின் மென்பொருளைத் தவறாது புதுப்பிக்க. உறவினருக்கு வயர்கார்ட் போன்ற தனிவழி ஒன்றை அமைத்து, அதனூடாக மாத்திரம் வரவிடுக. இவ்வேலையை எமக்குச் செய்து தந்தவன் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன். ஒரு மாலைப்பொழுது போதுமாயிருந்தது.

பிறர் ஆக்கங்களைக் களவாய் இறக்கிக் குவிப்பதற்கு இதனைப் பயன்படுத்துவோரும் உளர். நாட்டிலே 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கின்றது. அதற்கும் மேலாக, நமது கலைஞரின் பிழைப்பு இருக்கின்றது. யாம் பேசுவது நமது சொந்தப் பதிவுகளையும், நாம் விலைகொடுத்து வாங்கிய வட்டுக்களையும் பற்றியே.

புதிய படங்களைப் பார்த்து மறப்பதே விருப்பமாயின், மாதக் கட்டணம் செலுத்துவது இதனினும் எளிது; வழங்கி வேண்டியதில்லை. எமது சகபாடி ஒருவர் பெரும் பொருள் கொடுத்து நான்கு தட்டுக்கள் கொண்ட பேழையொன்றை வாங்கி, அதற்குள் இடுவதற்கு ஒன்றும் இல்லாமல், இன்றும் துணி போர்த்தி வைத்திருக்கின்றார். வீட்டில் நாடாவும் படத்தொகுப்பும் உள்ளவர், அவற்றோடு அமர்ந்திருக்கப் பொறுமையுள்ளவர், ஆகிய இவ்விரண்டும் பொருந்தியவர்க்கே இது தகும். அத்தகையோர் தம் காலத்தின்பின் இதனை எவர் நடத்துவார் என்பதையும் இப்பொழுதே எண்ணுதல் வேண்டும். கடவுச்சொல், தட்டு இருக்கும் இடம், ரொறன்ரோ மருமகனின் முகவரி ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதிக் காணி உறுதிகளோடு வைத்திருக்கின்றோம். பேர்த்தி அறிவாள்.

1991ஆம் ஆண்டுக் கசெற்றின் இரண்டாம் பக்கத்திலே தந்தையாரோடு வேறொருவர் ஆறு நிமிடம் உரையாடுகின்றார். வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்க மண்ணெண்ணெய் இல்லாத கதை. பின்னர், பழைய மாணவன் ஒருவனைப் பற்றிய பகிடி. இருவரும் உரக்கச் சிரிக்கின்றனர். அவர் தந்தையாரை ‘மாஸ்ரர்’ என்கின்றார்; தந்தையார் அவரைப் பெயர் சொல்லி அழைக்கவே இல்லை. சைக்கிள் மிதியைச் சுற்றிக்கொண்டு அருகிலேயே நின்ற எமக்கும் அவர் முகம் நினைவுக்கு வரவில்லை. வழங்கியில் அக்கோவையின் பெயர் ‘1991 – அப்பாவும் அறியாத நண்பரும்’. தந்தையாரிடம் கற்ற முதிய அன்பர்கள் எவரேனும் இப்பக்கமாக வர நேரின் எமது வீட்டுக்கு வந்து அதனை ஒருமுறை கேட்குமாறு வேண்டுகின்றோம். அவர் இன்னார் எனத் தெரிந்தால், அவர் மக்களுக்கும் ஒரு பிரதி அனுப்ப வேண்டியிருக்கின்றது.